கடைசிக் கட்டம்

சிட்டு என்று அவளுக்குப் பெயர் வைத்தது விடுதிச் சமையல்காரர். ஆள் சிறுசு, நடை துறுதுறு, சாப்பிடும்போதுகூட ஒரு கால் வாசலைப் பார்த்தபடி இருக்கும். செவிலியர் பயிற்சிப் பள்ளியில் கடைசி ஆண்டுக்கு வந்தபோது ஆசிரியர்களே வருகைப் பதிவில் இருந்த பெயரை மறந்துவிட்டு சிட்டு என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அப்பா பேருந்து ஓட்டுநர். பொய் சொன்னால் பிடிக்காத மனிதர். வண்டி பிந்தினால் பயணிகளிடம் சாக்குச் சொல்லாமல், "தூங்கிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்று நேராகச் சொல்லிவிடுவார். மகளிடமும் அந்தக் குணம் அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது.

பயிற்சியில் சேர்ந்த முதல் வாரமே ஒவ்வொருவர் கையிலும் தடித்த அட்டை போட்ட ஒரு லாக் புக்கைக் கொடுத்துவிடுவார்கள். ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுவது தொடங்கிப் பிரசவம் பார்ப்பது வரை ஒரு செவிலியர் கற்க வேண்டிய வேலைகள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: அருகில் நின்று பார்த்தது, கூட நின்று உதவியது, தானே செய்தது. மூன்றிலும் வார்டு சிஸ்டரின் கையெழுத்து விழ வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் தேர்வு எழுத விட மாட்டார்கள்.

கட்டத்தை நிரப்ப வழியா இல்லை? நல்ல மனநிலையில் இருக்கும் சிஸ்டராகப் பார்த்துப் போய் நின்றால் போதும். பார்த்ததைச் செய்ததாகவும், கேட்டதைப் பார்த்ததாகவும் எழுதி வாங்கிக்கொள்கிறவர்கள் வகுப்பில் பாதிப் பேர். சிட்டு அந்தப் பக்கமே போகவில்லை. தான் செய்யாத ஒன்றுக்குக் கையெழுத்து வாங்கினால் அது தன் உடம்பில் ஒட்டிக்கொள்ளும் என்பது போல ஒரு கூச்சம். அவளுடைய புத்தகத்தில் பொய்யாக ஒரு புள்ளிகூடக் கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கடைசியில் ஒரே ஒரு கட்டம் மிஞ்சியது. பிறந்தவுடன் மூச்சு விடாத குழந்தைக்குப் பையும் முகமூடியும் வைத்து மூச்சுக் கொடுப்பது. அதில் "தானே செய்தது" என்ற இடம். பொம்மையை வைத்து அவள் எத்தனையோ முறை செய்திருக்கிறாள். பொம்மை கணக்கில் வராது. அப்படி மூச்சு விடாத நிஜக் குழந்தை ஒன்று வரும்போதெல்லாம் அவள் வேறெங்காவது இருந்தாள். ஒரு தடவை மருந்துக் கிடங்கில், ஒரு தடவை குளியலறையில், இன்னொரு தடவை பக்கத்து அறையிலேயே வேறொரு தாய்க்கு ட்ரிப் ஏற்றிக்கொண்டு.

புத்தகத்தை ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிரசவ அறையில் ஒவ்வொரு குழந்தையும் வெளியே வந்ததும் வீரிட்டு அழும். எல்லாரும் சிரிப்பார்கள். சிட்டுவும் சிரிப்பாள், ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு சின்ன ஏமாற்றம் இருக்கும்.

அறைத் தோழி அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கு ரேடியோ என்று பெயர். நிறுத்துவதற்குப் பொத்தான் இல்லாத ரேடியோ.

"ஏண்டி, ஊரே நல்லபடியா பெத்துக்குது. உனக்கு மட்டும் ஏன் மூஞ்சி தொங்குது?" என்றாள் ஒரு நாள் காலை, தலை வாரியபடி.

"தொங்கல."

"தொங்குது. மழை வரலையேன்னு குடைக்காரன் வானத்தப் பாக்குற மாதிரி நீ ஒவ்வொரு வயித்தையும் பாக்குற. பேசாம நம்ம சிஸ்டர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போ. உனக்குத் தெரியாத வேலையா அது?"

"செய்யாம வாங்க மாட்டேன்."

"அப்போ யாருக்காவது கெட்டது நடக்கணும்னு காத்துக்கிட்டு உக்காரு."

ரேடியோ வழக்கம்போல விளையாட்டாகத்தான் சொன்னாள். சிட்டுவும் தலையணையை எடுத்து அவள் மேல் வீசிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அன்று காலை பிரசவ அறைக்கு வந்தவள் ஒரு தையற்காரி. கல்யாணமாகி நெடுங்காலம் கழித்து உண்டான முதல் பிள்ளை. கணவன் வேன் ஓட்டுகிறவன், கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, திறக்கும்போதெல்லாம் தலையை உள்ளே நீட்டி, "என்னங்க ஆச்சு?" என்றான். "இன்னும் ஆகல, நீங்க தலைய எடுத்தாதான் கதவச் சாத்த முடியும்" என்று இன்சார்ஜ் சிஸ்டர் ஒவ்வொரு முறையும் விரட்டினார்.

சிட்டுவைத் தையற்காரிக்குத் துணையாக நிறுத்தியிருந்தார்கள். அவள் இடுப்பைப் பிடித்துவிட்டாள், தண்ணீர் கொடுத்தாள், வலி வரும்போது கையை நீட்டினாள். தையற்காரி அந்தக் கையைப் பிடித்து முறுக்கிய முறுக்கில் சிட்டுவுக்குக் கண்ணில் நீர் வந்தது. வலி விட்ட இடைவெளியில் தையற்காரி அவளுடைய சீருடையின் கைமடிப்பைத் தடவிப் பார்த்தாள்.

"இத எந்தப் புண்ணியவான் தெச்சான்? ஒரு கை ஏறியிருக்கு, ஒரு கை இறங்கியிருக்கு."

"நானேதான்கா பிரிச்சுத் தெச்சேன்."

"ஊசி போடறத மட்டும் பாத்துக்கோ தாயி, தையல் வேலைக்கு வந்துடாத" என்று சொல்லி அவள் சிரித்தாள். சிரிப்பு முடியுமுன் அடுத்த வலி வந்தது. "என்ன விட்டுட்டுப் போயிடாத, சிட்டு."

"எங்கயும் போக மாட்டேன்கா."

பிற்பகலில் காரியம் மாறியது. குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கத் தொடங்கியது. டாக்டரைக் கூப்பிட ஆள் ஓடியது. டாக்டர் வந்து கையுறை மாட்டிக்கொண்டிருக்கும்போதே தலை இறங்கிவிட்டது. இழுத்து எடுத்த குழந்தை ஆண். நீலம் பாரித்துக் கிடந்தது. கழுத்தைச் சுற்றித் தொப்புள்கொடி. கை கால் ஈரத் துணிபோலத் தொங்கின. அழவில்லை.

சிஸ்டர் குழந்தையைச் சூட்டு விளக்கின் கீழே வைத்துத் துடைத்தார், முதுகைத் தேய்த்தார். அசைவில்லை. ஒரு நொடி சிட்டுவை நிமிர்ந்து பார்த்தார். "நீ பண்ணு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

சிட்டுவின் கைகள் அவளைக் கேட்காமலே வேலையைத் தொடங்கின. தலையைச் சற்றே பின்னால் சாய்த்தாள். வாயும் மூக்கும் மூடும்படி முகமூடியை வைத்தாள். பையை அழுத்தினாள். நெஞ்சு எழவில்லை. தாடையைத் தூக்கி முகமூடியைத் திருத்தி வைத்து மறுபடி அழுத்தினாள். இப்போது அந்தச் சின்ன நெஞ்சு எழுந்தது, தாழ்ந்தது. அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு. அறையில் அந்தப் பையின் மூச்சு தவிர வேறு சத்தம் இல்லை. பின்னால் தையற்காரி, "ஏன் அழல? ஏன் என் புள்ள அழல?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

மெல்ல நீலம் கலைந்தது. உதடு துடித்தது. ஒரு விக்கல், பின் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு மெல்லிய அழுகை.

சிட்டுவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று உடைந்து வாய் வழியே வந்தது. முகமெல்லாம் சிரிப்பாக, "அப்பாடா! கடைசிக் கட்டம், சிஸ்டர்! கடைசிக் கட்டமும் வந்துடுச்சு!" என்று கத்திவிட்டாள்.

மேசையில் கிடந்த தையற்காரி அலறினாள். "கடைசிக் கட்டமா? ஐயோ, என் புள்ளைக்கா? என்ன சொல்றீங்க? புள்ள போயிடுச்சா?"

"இல்லக்கா, இல்ல!" சிட்டு பதறிப்போய் அவளிடம் ஓடினாள். "புள்ள அழுவுது, கேளுங்க. நல்லா இருக்கான். நான் சொன்னது அது இல்லக்கா. என் லாக் புக்குல ஒரு கட்டம். இந்த மாதிரி மூச்சு விடாத குழந்தைக்கு நானே மூச்சுக் கொடுத்தாதான் அதுல கையெழுத்து கிடைக்கும். அது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு. ரொம்ப நாளா வரவே இல்ல. அதத்தான்..."

பேசிக்கொண்டிருக்கும்போதே தான் என்ன சொல்கிறோம் என்பது அவளுக்குக் கேட்டது. நாக்கு நின்றது. ஆனால் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது.

தையற்காரி அவளை வெறித்துப் பார்த்தாள். வியர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது.

"என் புள்ள மாதிரி ஒண்ணு வரணும்னு காத்துக்கிட்டு இருந்தியா?"

இல்லை என்று சிட்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அது பொய்யாக இருந்திருக்கும்.

"காலைலேர்ந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, இதுக்குத்தானா?"

"அக்கா, சத்தியமா..."

"இந்தப் பொண்ண வெளிய போகச் சொல்லுங்க" என்றாள் தையற்காரி, டாக்டரைப் பார்த்து. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வெளியே வேன்காரன் நின்றிருந்தான். உள்ளே நடந்தது எதுவும் தெரியாமல், "அழுத சத்தம் கேட்டுச்சும்மா! ரொம்ப நன்றிம்மா!" என்று இரண்டு கையையும் கூப்பினான். சிட்டு அவனைக் கடந்து துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாலையில் சிஸ்டரே அவளைத் தேடி வந்து லாக் புக்கைக் கேட்டார்.

"கையெழுத்து வேணாம் சிஸ்டர்."

"குடு."

"நான் அப்படி நெனச்சிருக்கக் கூடாது. எனக்கு அந்தக் கட்டமே வேணாம்."

சிஸ்டர் அவளுடைய பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் தேடிக் கையெழுத்துப் போட்டார். மை காய ஊதினார். "வேலையச் சரியா செஞ்ச. இந்தக் கையெழுத்து அதுக்கு. மத்ததுக்கு இந்தப் புக்குல இடமில்ல, அத நீயேதான் வெச்சுக்கணும்." போகும்போது கதவருகே நின்றார். "நானும் படிக்கிறப்ப இப்படித்தான் காத்துக்கிட்டு இருந்தேன். வாய மட்டும் மூடிக்கிட்டிருந்தேன்."

குழந்தையைப் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வைத்திருந்தார்கள். முதல் நாளே ஒரு முறை வலிப்பு வந்ததாக ரேடியோ வந்து சொன்னாள். சிட்டு மறுநாள் தையற்காரியின் கட்டிலுக்குப் போனாள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை என்பது இமை துடித்ததில் தெரிந்தது. அடுத்த நாளும் போனாள். அப்போது வேன்காரன் எழுந்து வந்து, "வேணாம்மா. அவ மனசு சரியில்ல. உங்களக் குத்தம் சொல்லல, போயிட்டு வாங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னான். கூப்பிய கைகளைவிட அந்த மரியாதை அதிகம் சுட்டது.

குழந்தை வீட்டுக்குப் போயிற்று. சிட்டு தேர்வு எழுதினாள், நல்ல மதிப்பெண் வாங்கினாள். அப்பா தன் பேருந்தில் ஏறியவர்களிடமெல்லாம் மகள் நர்ஸ் ஆகிவிட்டாள் என்று சொன்னார். தன் லாக் புக்கை அம்மா எடுத்து வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காட்டப் போனபோது மட்டும் சிட்டு எரிந்து விழுந்தாள். ஏன் என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

சில ஆண்டுகள் அங்கே இங்கே வேலை பார்த்தபின், நகரத்தின் விளிம்பில் இருந்த ஒரு சுகாதார நிலையத்தில் அவளுக்கு நிலையான வேலை கிடைத்தது. ரேடியோ ஏற்கெனவே அங்கே இருந்தாள். தெருத் தெருவாகப் போய்ச் சின்னக் குழந்தைகளின் எடை, தடுப்பூசி, வளர்ச்சி எல்லாம் பார்த்து எழுத வேண்டும். அப்படி ஒரு தெருவில், திறந்திருந்த கதவுக்கு முன்னால் நின்று குரல் கொடுத்தபோது, தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது.

தையற்காரி அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். சிட்டுவுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. இருவருக்கும் நடுவே, இயந்திரத்தின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நின்றிருந்தான். நல்ல கண்கள். அவன் பிடியை விட்டுவிட்டு அம்மாவிடம் நடந்தான். இடது குதிகால் தரையில் படவில்லை. முன்பாதத்தை ஊன்றி, முழங்காலை உள்ளே இழுத்து, எம்பி எம்பி நடந்தான்.

சிட்டு அவனையே பார்த்தாள். "அக்கா, இவன் காலுக்கு யார்கிட்டயும் காட்டலையா?"

"எண்ணெய் போட்டுத் தேய்க்கிறேன். நடக்கிறான்ல."

"அன்னிக்கு வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லியிருப்பாங்களே, மாசா மாசம் கூட்டிட்டு வரணும்னு. வரவே இல்லையா?"

"வந்தேன்." தையற்காரி துணியை மடித்து மடியில் வைத்தாள். குரலில் கோபமில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "ஒரே ஒரு தடவ வந்தேன். வாசல்ல சீருடை போட்ட பொண்ணுங்க கூட்டமா நின்னாங்க. கையில எல்லாம் அதே புக்கு. இவன் கை கால் விறைப்பா இருக்கிறதப் பாத்ததும் ஒருத்தி பக்கத்துல இருந்தவள முழங்கையால இடிச்சா. 'எனக்கு, எனக்கு'ன்னா. அப்படியே திரும்பிட்டேன். யாரோட கட்டத்த நிரப்பவும் நான் புள்ள பெக்கல."

சிட்டு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். "என்ன மன்னிச்சிடுங்கக்கா. அன்னிக்கே கேக்க வந்தேன். முடியல."

பையன் அம்மாவின் மடியிலிருந்த துணியைத் தலையில் போட்டுக்கொண்டு விளையாடினான்.

"நீதான் இவனுக்கு மூச்சுக் குடுத்த. அது எனக்குத் தெரியாம இல்ல. அவரு தினமும் அதத்தான் சொல்வாரு. ஆனா மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சொன்னா நீ நிம்மதியா போயிடுவ. நான் இங்கயே இருக்கணுமே."

"சரிக்கா. சொல்ல வேணாம். இவன மட்டும் டாக்டர்கிட்ட காட்டுங்க. இப்ப காட்டினாலும் நல்லது."

"வேற யாரையாவது அனுப்பு. நீ வராத. உன்னப் பாத்தா அந்த விளக்கும் அந்த மேசையும்தான் ஞாபகம் வருது."

அன்றே சிட்டு அந்தத் தெருவை ரேடியோவிடம் ஒப்படைத்தாள். ரேடியோ போய்ப் பேசி, அடுத்த வாரமே தாயையும் பிள்ளையையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்தவள் வாயைத் திறக்கவில்லை. ரேடியோ பேசாமல் இருந்தால் செய்தி நல்லதில்லை என்று அர்த்தம்.

"சொல்லுடி."

"பொறந்தப்ப மூச்சு நின்னதுல வந்த பாதிப்புதான். புத்தி நல்லா இருக்கு, பேச்சு நல்லா இருக்கு. கால் மட்டும்தான்." ரேடியோ செருப்பைக் கழற்றுவது போலக் குனிந்துகொண்டாள். "கைக்குழந்தையிலேயே பயிற்சி குடுத்து, காலுக்குத் தாங்கி மாட்டியிருந்தா குதிநரம்பு இவ்வளவு இறுகியிருக்காதாம். இனிமே இளக்கலாம், ஆனா முழுசா சரியாகும்னு சொல்ல முடியாதுன்னுட்டார் டாக்டர். ஆப்பரேஷன் தேவைப்படலாமாம்."

சிட்டு தலையாட்டினாள். ஊசி மருந்துப் பெட்டியைத் திறந்து, அடுக்கியிருந்ததையே மறுபடி அடுக்கத் தொடங்கினாள்.

"நீ ஒரு வார்த்தை சொன்னதுக்கு இவ்வளவா?" என்றாள் ரேடியோ. "அந்த அம்மாவும் வந்திருக்கணும்ல. நான்கூட அன்னிக்குக் காலைல கேலி பண்ணினேன். அதையும் சேத்துக்கோ."

"சேத்துக்கிட்டு என்ன பண்றது" என்றாள் சிட்டு.

பயிற்சிப் பள்ளியிலிருந்து மாணவிகள் அந்த நிலையத்துக்கும் வருவார்கள். யாராவது ஒருத்தி நோயாளியின் காதுபட, "நல்ல கேஸ்" என்று சொல்லிவிட்டால் சிட்டு அவளைத் தனியே அழைத்துப் போவாள். கடுமையாகத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறப்பாள். எதிரே நிற்கிற பெண்ணின் கையில் புத்தகத்தையும், கண்ணில் தேர்வுப் பயத்தையும் பார்த்ததும், திட்டு கரைந்துவிடும். "முதல்ல அவங்க பேர் என்னன்னு கேளு" என்பாள்.

ரேடியோ வாராவாரம் போய்வந்தாள். பையனுக்குப் பிளாஸ்டிக் தாங்கி வந்தது. முதலில் அதைக் கழற்றி எறிந்தான், பிறகு அதில் பேனாவால் மீசை வைத்த ஒரு முகம் வரைந்துகொண்டான், இப்போது குதிகால் கொஞ்சம் இறங்குகிறது, நேற்று ஓட முயன்று விழுந்தான். இப்படிச் சேதி சேதியாகத்தான் சிட்டு அவனை அறிந்தாள். தையற்காரி அவளைப் பற்றி ஒரு வார்த்தையும் விசாரிப்பதில்லை என்பதையும் ரேடியோ கேட்காமலே சொல்லிவிட்டாள்.

ரேடியோ விடுப்பில் இருந்த ஒரு வாரம், நிலையத்தில் சிட்டு மட்டும் இருந்தாள். காலைக் கூட்டம் ஓய்ந்த நேரம். கதவைத் தள்ளிக்கொண்டு தையற்காரி பையனோடு வந்தாள். தாங்கியின் பட்டை அறுந்து, கணுக்காலில் உரசி, தோல் சிவந்திருந்தது.

தையற்காரி உள்ளே கண்ணை ஓட்டினாள். "அவங்க இல்லையா?"

"ஊருக்குப் போயிருக்கா. திங்கக்கெழமதான் வருவா." சிட்டு எழுந்து நின்றாள். "பட்டைய நான் மாத்திவிடட்டுமாக்கா? புண்ணுக்கும் மருந்து போட்டுடலாம். சின்ன வேலைதான்."

தையற்காரி பையனின் காலைப் பார்த்தாள். பிறகு சிட்டுவின் கைகளைப் பார்த்தாள். பையன் ஏற்கெனவே பெஞ்சில் ஏறி உட்கார்ந்து, காலை நீட்டிவிட்டான். சிட்டு பஞ்சை எடுக்கக் கை நீட்டினாள்.

"வேணாம்" என்றாள் தையற்காரி, மெதுவாக. "மருந்து மட்டும் குடு, வீட்ல போட்டுக்கிறேன். பட்டைய நானே தெச்சுக்கிறேன். திங்கக்கெழம வர்றேன்."

சிட்டு களிம்பைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். எப்படிப் போட வேண்டும் என்று சொன்னாள். தையற்காரி கவனமாகக் கேட்டுக்கொண்டாள், ஒரு தடவை தலையாட்டினாள். பையனை இறக்கி, கையைப் பிடித்து வாசலுக்கு நடத்தினாள். படியில் அவன் திரும்பிப் பார்த்தான்.

"அது யாரும்மா?"

"நீ பொறந்தப்ப உன்ன அழ வெச்சவங்க."

"ஏம்மா அழ வெச்சாங்க?"

தையற்காரி குனிந்து அவனிடம் ஏதோ சொன்னாள். அந்த நேரம் தெருவில் ஒரு லாரி கடந்து போனது. சிட்டுவுக்கு அந்தப் பதில் கேட்கவில்லை. பின்னால் ஓடிப் போய்க் கேட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை. தாயும் மகனும் தெரு முனை திரும்பும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து, எடுத்து வைத்த பஞ்சைத் திரும்ப டப்பாவில் போட்டாள்.